குளம் வேறு, ரத்தம் வேறு

எட்டு மாதமாக ஒரு விளையாட்டைத் தப்பாக விளையாடியிருக்கிறோம் என்பது போன மாதம்தான் தெரிந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் வீட்டு மாடி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஐந்து பேர். சீட்டுகள் ஜெராக்ஸ் கடையில் அச்சடித்தவை. காய்களுக்குப் புளியமுத்து. விளையாட்டின் பெயர் ‘வேம்பயர்: தி எட்டர்னல் ஸ்ட்ரகிள்’.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1994இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்தது. முதலில் ‘ஜிஹாத்’ என்ற பெயரில் வந்து, அடுத்த வருடமே பெயர் மாறியது. அதற்கு ஒரு வருடம் முன்னால் ‘மேஜிக்: தி கேதரிங்’ செய்தவரும் அவர்தான். மேஜிக்கில் உங்கள் உயிர் 20 என்று தனியாக இருக்கும். செலவுக்கான சக்தி நிலச் சீட்டுகளிலிருந்து ஒவ்வொரு முறையும் புதிதாக வரும். எவ்வளவு செலவழித்தாலும் உயிர் குறையாது. இந்த விளையாட்டில் அந்தச் சௌகரியம் கிடையாது. இங்கே நீங்கள் ஒரு கிழட்டு ரத்தக்காட்டேரி. நேரே மேசைக்கு வராமல், இளம் காட்டேரிகளை அனுப்பி இடப்பக்கம் இருப்பவரை அழிக்கிறீர்கள். அதே நேரம் வலப்பக்கம் இருப்பவர் உங்களை அழித்துக்கொண்டிருப்பார். ஆரம்பத்தில் ஆளுக்கு 30 காய். அதுதான் பணம், அதுதான் உயிர்.

அந்த 30 காய்க்கு ஆங்கில விதிநூல் வைத்திருக்கும் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தால் ஏன் நாங்கள் அதைப் பயன்படுத்துவதில்லை என்று புரியும். வீட்டில் ஆச்சி வேறு இருக்கிறாள். அதனால் அர்த்தத்தை எடுத்துக்கொண்டு ‘குளம்’ என்றோம். காட்டேரியின் மேல் இருப்பது ‘ரத்தம்’. செலவான காய் திரும்பிப் போகும் டப்பா, ‘வங்கி’.

சிக்கல் இங்கேதான். குளத்தில் இருந்தாலும் காட்டேரி மேல் இருந்தாலும் அதே புளியமுத்துதான். ஏழு கொள்ளளவு உள்ள ஒரு காட்டேரியைக் களத்துக்குக் கொண்டுவர உங்கள் குளத்திலிருந்து ஏழு காய் போக வேண்டும். நாங்கள் ஏழையும் வங்கியில் போட்டுவிட்டுக் காட்டேரியை வெறுங்கையோடு இறக்கினோம். ரத்தம் இல்லாத காட்டேரி கட்டாயம் வேட்டைக்குப் போயாக வேண்டும், வேறு எந்த வேலையும் செய்ய முடியாது. எட்டு மாதமாக எங்கள் காட்டேரிகள் எல்லாம் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தன. விளையாட்டே சவசவ என்று போனது. ‘இதையா இத்தனை பேர் கொண்டாடுதாங்க?’ என்று ஒருவன் கேட்கவும் செய்தான்.

விதிநூலை மறுபடி படித்தபோது கண்ணில் பட்டது வினைச்சொல். அதில் காய்க்கு இரண்டு விதமான வினைகள் இருக்கின்றன. ஒன்று ‘எரி’. எரிந்த காய் வங்கிக்குப் போகும். இன்னொன்று ‘நகர்த்து’. நகர்ந்த காய் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். காட்டேரியைக் கொண்டுவருவதற்கு விதி சொல்வது நகர்த்து. அதாவது அந்த ஏழும் செலவாகவில்லை. குளத்திலிருந்து கிளம்பி, காட்டேரியின் ரத்தமாக அதன் மேலேயே நிற்கிறது.

இதைச் சொன்னதும் சண்டை. “ஏழு குடுத்துத்தானலே வாங்குதோம்? குடுத்த பொறவு அது எப்படி அவங்கிட்ட இருக்கும்?” என்றான் நண்பன். அவன் அப்பாவுக்குக் கடம்பாகுளம் பாசனத்தில் வயல். “குளத்துத் தண்ணிய மடை தொறந்து வயலுக்கு விட்டா, தண்ணி செலவாயிட்டுன்னு அர்த்தமாலே?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஆனா திரும்பக் குளத்துக்கு வராதுல்லா” என்றான்.

அவன் சொன்னதும் சரி. விதியின் மறுபாதி அதுதான். காட்டேரி இன்னும் களத்துக்கு வராமல் கவிழ்ந்து கிடக்கும்வரை, போட்ட காயைத் திரும்ப எடுக்கலாம். ஆனால் போடும்போது ஒரு நகர்த்தல், எடுக்கும்போது இரண்டு. களத்துக்கு வந்துவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும். ‘ப்ளட் டால்’, ‘மினியன் டேப்’ மாதிரி தனிச் சீட்டு கையில் இருந்தால்தான் ரத்தத்தைக் குளமாக்க முடியும். கொள்ளளவுக்கு மேல் ஏறும் ரத்தம் நிற்காது, மறுகால் பாய்ந்து வங்கிக்குப் போய்விடும். கொள்ளளவு என்றால் என்ன என்பதை 2023 டிசம்பரில் எங்கள் ஊரைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் சேர்த்து வாசித்தால் விதியே ஒரு கதை சொல்கிறது. உங்கள் ஆட்கள் பலமானவர்கள், உங்கள் உயிர் முழுக்க அவர்களிடம் இருக்கிறது. ஆனால் குளம் பூஜ்ஜியமானால் நீங்கள் அவுட். அவர்களிடம் எவ்வளவு ரத்தம் இருந்தாலும் அத்தனை பேரும் உங்களோடு வெளியே போக வேண்டியதுதான். சீட்டுகளில் இருக்கும் கோரைப்பல், கறுப்புக் கோட்டுப் படங்கள் என்னை ஒருநாளும் பயமுறுத்தியதில்லை. பயமுறுத்தியது இந்தக் கணக்கு. இந்த விளையாட்டின் இலக்கியம் படத்துக்குக் கீழே உள்ள அலங்கார வரிகளில் இல்லை, இந்த விதியில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

குறை இல்லாமலும் இல்லை. முதலில் அவுட் ஆனவன் மீதி நேரம் முழுக்க முறுக்கு தின்றுகொண்டு வேடிக்கை பார்க்க வேண்டும். அது பரவாயில்லை. என் பெரிய புகார் வங்கியைப் பற்றி. காட்டேரி வேட்டைக்குப் போனால் வங்கியிலிருந்து ஒரு காய் ஏறும். யாருடைய ரத்தம் அது? கேள்வியே இல்லை. வங்கிக்கு அடியும் கிடையாது, காய் தீர்ந்தால் இன்னும் கொஞ்சம் கொண்டுவந்து போட்டுக்கொள்ளலாம். ஆட்டக்காரர்களுக்குள் ஒவ்வொரு காயையும் எண்ணி வைக்கும் விதி, காய் எங்கிருந்து வருகிறது என்ற இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறது. தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு எங்கள் ஊரில் இருக்கிறது. மேலே எல்லோரும் எடுத்தது போக மிச்சம் இங்கே வரும். அதை வடகாலும் தென்காலும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும், தூத்துக்குடி ஆலைகளுக்கும் போக வேண்டும். வற்றாத வங்கி என்பதை நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அதனால் ஒரு ஞாயிறு விதியை மாற்றிப் பார்த்தோம். வங்கியில் 60 காய்தான். எரிந்த காய் அங்கே திரும்பாது, ‘கடல்’ என்று ஒரு தனி டப்பாவுக்குப் போகும். முதல் ஒரு மணி நேரம் வழக்கம்போல. அப்புறம் எல்லோரும் டப்பாவை எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். பசி இல்லாத காட்டேரியையும் வேட்டைக்கு அனுப்பி ரத்தம் சேர்த்தான் ஒருவன். தாக்குவது நின்றுபோய் பேச்சுவார்த்தை ஆரம்பமானது. கடைசியில் யாரும் ஜெயிக்கவில்லை.

“வெளையாட்டு மாதிரியா இருக்கு? வெவசாயிங்க கூட்டம் மாதிரில்லா இருக்கு” என்றான் அதே நண்பன்.

ஆட்டமாகப் பார்த்தால் அது தோல்விதான், ஒத்துக்கொள்கிறேன். கார்ஃபீல்ட் வங்கிக்கு அடி வைக்காதது காரணத்தோடுதான் இருக்க வேண்டும். அடுத்த வாரமே பழைய விதிக்குத் திரும்பிவிட்டோம், இந்தத் தடவை சரியான வினைச்சொல்லோடு. ஆட்டம் இப்போது நன்றாகவே போகிறது. வேட்டைக்குக் காய் எடுக்க டப்பாவுக்குள் கை விடும்போது மட்டும், எத்தனை மிச்சம் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.