கடலின் மறுகரையும் மலாயாத் தமிழ் நாவலும்

1941-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் தொடங்கி 1942 ஜனவரி 2-ஆம் நாள் வரை காம்பார் நகரை ஒட்டிய குன்றுகளில் நடந்த போர், படை வரலாற்று நூல்களில் ஓர் அத்தியாயமாக இடம்பெற்றுள்ளது. பினாங்கு அதற்கு முன்பே வீழ்ந்துவிட்டது. ஈப்போ டிசம்பர் 28-இல் கைமாறியது. காம்பாரில் பிரிட்டிஷ், இந்தியப் படையினர் நான்கு நாள் தாக்குப்பிடித்துப் பின்வாங்கினர். அதன்பின் சிங்கப்பூர் வீழ ஆறு வாரங்களே பிடித்தன. இவ்வளவும் பலரும் அறிந்த செய்தி.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இப்போருக்கு வேறொரு பொருள் இருந்தது. பினாங்குக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே ஓடிய கப்பல் நின்றது, கடிதம் நின்றது, மணியார்டர் நின்றது. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கத்திலோ ரப்பர்த் தோட்டத்திலோ இருந்த மகன் உயிருடன் இருக்கிறானா என்று அறிய வழியின்றி, தஞ்சையிலும் திருச்சியிலும் இராமநாதபுரத்திலும் குடும்பங்கள் மூன்றரை ஆண்டுக்கு மேல் காத்துக் கிடந்தன. இத்துணைப் பெரிய மௌனத்தைத் தமிழ் நாவல் எவ்வாறு எடுத்தாண்டது என்பது ஆராயத் தக்கது.

இவ்வாராய்ச்சியில் முதலில் வரவேண்டியவர் ப. சிங்காரம். 1920-இல் சிங்கம்புணரியில் பிறந்து, 1938-இல் கடை வேலைக்காக சுமத்ராவின் மேடான் நகருக்குச் சென்று, போர் முடிந்தபின் 1946-இல் தாயகம் திரும்பியவர். அவர் எழுதிய நாவல்கள் இரண்டே. கலைமகள் பரிசு பெற்ற ‘கடலுக்கு அப்பால்’ 1959-இல் வந்தது. ‘புயலிலே ஒரு தோணி’ 1972-இல் அச்சேறியது. தென்கிழக்காசியத் தமிழர் வாழ்வை இவற்றுக்கு நிகராகக் காட்டிய நூல்கள் மிகச் சிலவே என்பதில் ஐயமில்லை. வட்டிக்கடைக் கிட்டங்கியின் கைப்பெட்டி வரிசை, பெட்டியடிப் பையன் அடுத்தாளாகி, அடுத்தாள் மேலாளாகும் படிமுறை, மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்பும் வழக்கம் ஆகியவற்றைச் சரக்கறிந்த வணிகனின் கண்ணோடு எழுதியவர் அவர். சண்டைக்காலத்தில் அந்தக் கணக்கு முடியவில்லை. மூன்றாண்டு என்று வந்தவன் ஏழெட்டாண்டு தங்க நேர்ந்தது.

‘கடலுக்கு அப்பால்’ நாவலின் சிக்கல் இந்த இடத்தில்தான் முளைக்கிறது. நேதாஜியின் படைக்குப் போய்வந்த இளைஞனுக்குப் பெண் கொடுக்க வட்டிக்கடை முதலாளி மறுக்கிறார். அவர் கொடியவர் அல்லர். ஆசிரியர் அவரைப் பரிவோடுதான் படைத்திருக்கிறார். துப்பாக்கி தொட்ட கை இனி ஐந்தொகைப் புத்தகத்துக்கு ஆகாது என்பது அவர் கணக்கு. பினாங்குத் தெருவில் நின்று அவர் பேசினாலும், அவருடைய அளவுகோல் கடலுக்கு அக்கரையில் செய்யப்பட்டது. சொந்தக்காரர் என்ன சொல்வர், கொடுக்கல் வாங்கல் என்ன ஆகும் என்ற எண்ணம் அவரை விடுவதில்லை. நூலின் பெயரையே பாருங்கள். கதை நிகழ்வது மலாயாவில். ‘அப்பால்’ என்ற சொல்லோ தமிழ்நாட்டுக் கரையில் நிற்பவரின் வாயிலிருந்து வருகிறது. ஆனால் அக்கரையில் நிற்பவரை நூலில் தேடினால் அவர் நிழலாகவே இருக்கிறார்.

‘புயலிலே ஒரு தோணி’யில் இக்குறை இன்னும் வெளிப்படை. ஜப்பானியர் மேடானுள் நுழையும் காட்சியோடு நாவல் தொடங்குகிறது. கப்பல் நின்ற காலமே பாண்டியனை விடுவிக்கிறது. தொங்கானில் ஏறிப் புயலைக் கடந்து பினாங்கு சேர்கிறான், படையில் சேர்கிறான், இந்தோனேசியப் போராட்டத்திலும் கலக்கிறான். கடிதப் போக்குவரத்து இருந்திருந்தால் இவற்றில் பாதியும் நடந்திராது. வீட்டிலிருந்து வரும் ஒரு தபால் போதும், வீரனைப் பெட்டியடிக்கே திருப்பி உட்கார்த்திவிடும்! அவனுக்கு ஊர் நினைவு வராமலில்லை. மதுரைத் தெருக்களும் சின்னமங்கலத்துச் சந்தையும் அவன் மனத்தில் அடுக்கடுக்காய் வருகின்றன. தமிழ் உரைநடையின் சிறந்த பக்கங்களில் அவையும் சேரும். ஆயினும் அந்த ஊர் பெரும்பாலும் தெருவும் கடையும் வேடிக்கையுமான ஊர். அங்கே ஒருவர் வாசலில் உட்கார்ந்து அவனுக்காகக் காத்திருக்கிறார் என்ற உணர்ச்சி வாசகருக்கு அழுத்தமாக ஏற்படுவதில்லை. அவன் திரும்பாமலே மடியும்போது அக்கரையில் என்ன நேர்ந்திருக்கும் என்ற கேள்வியை நாவல் எழுப்பாமலே விட்டுவிடுகிறது.

போனவரே எழுதினால் போனவர் கதைதான் வரும், இதில் குறை காண்பானேன் என்று கேட்கலாம். இக்கேள்விக்கு விடைகாண, இதே வகையான வாழ்வுடைய இன்னொரு நாட்டு இலக்கியத்தை ஒப்புநோக்குவது பயன் தரும். கிரேக்கத் தீவுகள் பலவற்றின் நிலை நம் செட்டிநாட்டையும் இராமநாதபுரத்தையும் ஒத்தது. கலிம்னோஸ் தீவினர் கடற்பஞ்சு எடுக்க அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனார்கள். காஸ்டெலோரிசோ தீவினர் ஆஸ்திரேலியாவில் குடியேறினார்கள். ஸ்கியாதோஸ் தீவிற் பிறந்த பாபதியமாந்திஸ் (1851–1911) இந்த வாழ்வை எழுதியவர். அவருடைய ‘அமெரிக்கன்’ என்ற சிறுகதையில் கிறிஸ்துமஸ் வேளையில் ஓர் அயலான் கரையிறங்குகிறான். தாய்மொழி நாவில் தடுமாறுகிறது. ஊரார்க்கு அடையாளம் தெரியவில்லை. பல்லாண்டுக்கு முன் அவனுக்கு நிச்சயித்த பெண் இன்னும் மணமாகாமல் இருக்கிறாள். அவ்வளவே கதை. அமெரிக்காவில் அவன் என்ன செய்தான் என்பதை ஆசிரியர் விரிப்பதில்லை. கதை தீவை விட்டு நகர்வதே இல்லை. 1903-இல் வந்த அவருடைய ‘கொலைகாரி’யிலோ, சீதனச் சுமையை எண்ணி எண்ணி மனம் திரிந்த கிழவியின் மக்களில் இருவர் அமெரிக்கா சென்றவர்கள். அவர்கள் கதைக்குள் வருவதில்லை. அவர்கள் இல்லாமையே கதையில் ஒரு பாத்திரமாக நிற்கிறது.

ஆகவே மறுகரையை எழுதவே முடியாது என்பதற்கில்லை. தமிழிலும் அது பிற்காலத்தில் நிகழ்ந்தது. ஆண்களிற் பலர் கடல் கடந்து பொருளீட்டும் ஊரின் பெண்களைப் பற்றி சல்மா எழுதிய ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004-இல் வந்தது. எழுதியவர் பெண் என்பதை இங்கே மறந்துவிடலாகாது.

மலேசிய எழுத்தாளரின் தோட்ட நாவல்களில் நிலைமை வேறு. கங்காணி தன் ஊரிலும் அண்டை ஊரிலும் ஆள் சேர்த்ததால், லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பலருக்குப் பழைய ஊர்க்காரராகவே இருந்தார். கோயில், கள்ளுக்கடை, ஆயாக் கொட்டகை, பள்ளிக்கூடம் எல்லாம் தோட்டத்து எல்லைக்குள்ளேயே அடங்கின. தோட்டம் ஒரு தீவு என்று எழுதுவதற்கு இதுவே காரணம். 1938-இல் இந்திய அரசு ஆட்சேர்ப்பைத் தடுத்ததும் 1941-இல் கப்பல் நின்றதும் அத்தீவை மேலும் இறுக்கின. அதன்பின் பர்மா வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஜப்பானியர் ஆள் திரட்டினர். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகியவை இக்கொடுமையைப் பொருளாகக் கொண்டவை. சயாமுக்குப் போனவனின் மனைவி இருந்தது பேராக்கிலும் சிலாங்கூரிலும் கெடாவிலும்தான். ஊரில் விட்டுவந்த காத்திருப்பு, இம்முறை லயத்து வாசலுக்கே வந்துவிட்டது. சிங்காரம் காணாத ஒன்றை இப்பொருளே இவ்வாசிரியர்களின் கண்முன் நிறுத்தியது. நடையிலும் கட்டுக்கோப்பிலும் இவர்கள் அவருக்கு ஈடாகார் என்பது உண்மையாயினும், இந்த ஒரு வகையில் இவர்கள் நின்ற இடம் நல்ல இடம்.

இவர்களுக்குப் பின் வருபவர்க்கும் பொருள் மிஞ்சியிருக்கிறது. 1969-க்குப் பின், குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாளக் கார்டுக்காரர் வேலை உரிமம் பெறவேண்டும் என்றானபோது, பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினர். அவர்களுட் சிலர் அந்நாட்டை அதற்குமுன் கண்டதே இல்லை. 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா 1973 வரை ஓடியது. பிறகு வந்த சிதம்பரம் கப்பலும் 1985-இல் நின்றது. அக்காலத்தில் அண்ணன் நீலக் கார்டோடு இங்கே தங்க, தம்பி சிவப்புக் கார்டோடு அங்கே போன குடும்பங்கள் உண்டு. நாகப்பட்டினத்தில் இறங்கியவன் சொந்த ஊரில் ‘மலாயாக்காரன்’ ஆனான். அவன் போடும் கடிதத்துக்காக, பால் வெட்டு முடிந்து வந்ததும் தோட்டத்து ஆபீசில் கிராணியிடம் தபால் கேட்டு நின்றவர் இக்கரையில் இருந்தனர்.