கடல் ஊமையா?

முதுகில் காற்று உருளையைச் சுமந்துகொண்டு, மீனைப்போல் நீந்தும் மனிதனை உலகத்துக்குக் காட்டிய படம் ‘மௌன உலகம்’. ழாக் கூஸ்தோவும் லூயி மாலும் இயக்கிய இந்தப் பிரெஞ்சுப் படம் 1956-இல் கேன்ஸ் திரைப்பட விழாவின் முதற்பரிசையும், பிறகு ஆஸ்கர் விருதையும் பெற்றது. ‘அக்வாலங்’ என்னும் மூச்சுக்கருவியை 1943-இல் எமில் கான்யானுடன் சேர்ந்து உருவாக்கியவரும் இதே கூஸ்தோதான்.

கொல்லிமலையிலிருந்து வரும் என் மாணவர்களில் சிலர் கடலை நேரில் கண்டதே இல்லை. அவர்களுக்குத் திரையில் தெரிவதுதான் கடல். ஆகவே, இப்படம் எதைச் சரியாகக் காட்டுகிறது, எங்கே தவறுகிறது என்று ஆராய்வது நம் கடமையாகும்.

முதலில் நிறையைச் சொல்வோம். ஆழத்திலிருந்து அவசரமாக மேலேறிய ஒருவர் வலியால் துடிக்க, அவரைக் கப்பலிலுள்ள அழுத்த அறையில் அடைக்கிறார்கள். முக்குளிப்பது வெறும் விளையாட்டல்ல என்பதை இக்காட்சி ஒளிக்காமல் சொல்கிறது. காரணம் என்ன? கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தில் கடந்தவர்களுக்குக் காது அடைத்திருக்கும். அடிவாரத்திலிருந்து உச்சிக்குச் செல்வதற்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு குறைகிறது. கடலிலோ, ஒரு மீட்டரைச் சற்றே கடந்து இறங்கினாலே அதே அளவு அழுத்தம் கூடிவிடும்! 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு. 30 மீட்டரில் நான்கு மடங்கு. அங்கே சுவாசிக்கும் நைட்ரஜன் இரத்தத்தில் மிகுதியாகக் கரைகிறது. திடீரென்று மேலே வந்தால், திறந்த சோடா புட்டியைப்போல் உடலுக்குள் குமிழிகள் தோன்றும். முக்குளித்த கையோடு மலையேறுவதும் விமானத்தில் பறப்பதும் கூடாது என்பது இதனால்தான்.

இனி குறைகள். முதற்குறை தலைப்பிலேயே இருக்கிறது. கடல் மௌனமானதன்று. காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும் ஒலி, கடல்நீரில் சுமார் 1,500 மீட்டர் செல்கிறது. இறால் வகைகள் சில கொடுக்கைச் சொடுக்கி எழுப்பும் ஓசை பவளப்பாறைகளில் ஓயாமல் கேட்கும். திமிங்கிலங்கள் ஒலியாலேயே பேசிக்கொள்கின்றன. ஆனால் நீருக்குள் ஒலி இரு காதுகளையும் ஏறத்தாழ ஒரே கணத்தில் அடைவதால், அது எத்திசையிலிருந்து வருகிறது என்று நமக்குப் புலப்படுவதில்லை. குறை நம் காதில், பழியோ கடல்மீது!

இரண்டாவது குறை பெரியது. ஒரு பவளப்பாறையில் என்னென்ன மீன்கள் உள்ளன என்று கணக்கெடுக்க, படக்குழுவினர் அங்கே வெடி வைக்கிறார்கள். வெடியின் அழுத்த அலை நீரில் பரவி, மீன்களின் காற்றுப்பையைக் கிழித்துவிடும். செத்த மீன்களில் பல மிதக்காமல் அடியில் மூழ்கிவிடும். அழித்து எண்ணும் இந்த முறையில் கணக்காவது முழுமையாகுமா? பிறகு, கப்பலின் விசிறியில் அடிபட்ட திமிங்கிலக் குட்டியைத் தின்ன வந்த சுறாக்களைக் கோடரியால் வெட்டிக் கொல்கிறார்கள். இயற்கை தன் வழியே நடந்ததற்காகவா இந்தத் தண்டனை? கூஸ்தோ பின்னாளில் மாறினார் என்பதையும் சொல்ல வேண்டும். 1960-இல் மத்தியதரைக் கடலில் அணுக்கழிவு கொட்டுவதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்.

பழைய படந்தானே என்று விட்டுவிடலாமா? நம் அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவை எண்ணிப் பாருங்கள். போர்ட் பிளேயருக்கு (இன்றைய ஸ்ரீ விஜய புரம்) வடகிழக்கே ஏறத்தாழ 135 கிலோமீட்டர் தொலைவில், சுமார் 3 கிலோமீட்டர் அகலமே உள்ள எரிமலைத் தீவு அது. 150 ஆண்டுகளுக்கு மேல் உறங்கிக் கிடந்து 1991-இல் விழித்தது. 2025 செப்டம்பரிலும் கனன்றது. மனிதர் குடியில்லாத அத்தீவைச் சுற்றியுள்ள தெளிந்த நீரில் முக்குளிப்போர் இறங்குகிறார்கள். அவர்கள் காண்பது கரிய எரிமலைக் குழம்புப்பாறை மட்டுமன்று. புதிய பாறையில் உயிர் எப்படிக் குடியேறுகிறது என்னும் ஆய்வுக்கூடம் அது. இந்தோனேசியாவின் பண்டா ஆப்பி என்ற சிறு எரிமலைத் தீவு 1988-இல் வெடித்தது. ஐந்தே ஆண்டுகளில் அதன் குழம்புப்பாறைமேல் 120-க்கும் மேற்பட்ட பவள இனங்கள் வளர்ந்திருந்ததை ஆய்வாளர் எண்ணினர். அங்கே கணக்கெடுப்புக்குத் தேவைப்பட்டது வெடியன்று, கண்ணும் பொறுமையுமே.

‘மௌன உலக’த்தின் ஒளிப்பதிவு அற்புதமானது, அதன் துணிவும் போற்றத்தக்கதே. ஆனால் அது கடலை வெல்ல வேண்டிய இடமாகப் பார்க்கிறது. கேட்க வேண்டிய இடமாக அன்று. வாய்ப்புக் கிடைத்தால் படத்தைப் பாருங்கள், மாணவர்களே. காட்சி ஒவ்வொன்றிலும், இதை எப்படி எடுத்தார்கள் என்று வியப்பதோடு நின்றுவிடாமல், இதற்காக எதை அழித்தார்கள் என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியோடு கடலில் இறங்குபவரே அதனிடம் பாடம் கற்க முடியும்.