தெம்பனிஸ் மண்ணில் ஒரு பிடி

தெம்பனிஸ் என்றதும் ஏ நிலை புவியியல் மாணவர்கள் நகரத் திட்டமிடலைத்தான் எழுதுவார்கள். 1992இல் உலக வாழ்விட விருது, வட்டார மையம், வீவக புளோக்குகளின் அடுக்குமுறை என்று பக்கம் நிறைந்துவிடும். எழுத வேண்டியவைதான். ஆனால் எனக்கு அந்த புளோக்குகளுக்கு அடியில் இருக்கும் மண்ணின் மேல்தான் ஆசை.

சிங்கப்பூரின் கிழக்குப் பகுதி பெரும்பாலும் 'பழைய வண்டல்' என்ற படிவின் மேல் நிற்கிறது. வெட்டிய சரிவில் அதை ஒரு பிடி அள்ளினால் உள்ளங்கையில் நறநறவென்று குத்தும். பருமணலும் பொடிக்கற்களும் களிமண்ணும் கலந்து கிடக்கும். வெளிர் நிறத்தில் ஆங்காங்கே செம்மை ஓடியிருக்கும்.

அந்தக் குத்தலிலேயே பாடம் தொடங்கிவிடுகிறது. நெடுந்தூரம் உருண்டு வந்த மணல் முனை மழுங்கியிருக்கும். இதற்கு முனை கூராகவே இருக்கிறது. அப்படியானால் பிறந்த இடம் தொலைவில் இல்லை. ஜொகூர் பக்கத்துக் கருங்கல் மலைகள் சிதைந்து, ஆற்றோடு வந்து படிந்தவை இவை. பெரிய மணியும் சிறிய மணியும் பிரியாமல் கிடப்பதைப் பாருங்கள். நிதானமாக ஓடும் ஆறு சலித்து வைத்திருக்கும். வெள்ளம் வரும்போது பாய்ந்து, வடியும்போது பாரத்தை அப்படியே போட்டுவிட்டு, பல கிளைகளாகப் பின்னி ஓடிய ஆறு இது.

என்னை மிகவும் மயக்குவது இன்னொன்று. மணலுக்கிடையே சில வெண்மணிகள் தென்படும். நகத்தால் தொட்டாலே மாவாக உதிரும். கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் எதற்கும் அசையாது. ஃபெல்ட்ஸ்பாரோ வெப்பமும் மழையும் மிகுந்த ஊரில் நீரோடு வினைபுரிந்து வெண்களிமண்ணாகிவிடும். இந்த மணி களிமண்ணாகியும் கல்லின் வடிவத்தை இழக்கவில்லை. களிமண்ணாக வந்திருந்தால் ஆற்றிலேயே கரைந்திருக்கும். ஆக, வரும்போது கல், படிந்த பிறகே களிமண். முன்பின்னாக நடந்த இரண்டு சங்கதிகளை வரிசை மாறாமல் ஒரு மணி சொல்லிவிடுகிறது! 'வேதியியல் சிதைவு' என்று மனப்பாடம் செய்தவருக்கு இந்த ஒரு மணியைக் காட்டினால் போதும்.

ஒரு காலத்தில் இந்த மணலைத் தோண்டிச் சிங்கப்பூர் கட்டடங்கள் எழுப்பியது. தோண்டிய பள்ளங்களில் ஒன்று 1986இல் பிடோக் நீர்த்தேக்கமானது. காட்டு நீரோடை அதை நிரப்பவில்லை. சுற்றியுள்ள நகர்களின் கூரையிலும் சாலையிலும் விழும் மழை, வடிகால் வழியே அங்கே போய்ச் சேர்கிறது.

பிற்பகல் இடிமழையில் புளோக்கின் கீழ்த்தளத்தில் நின்று அந்த வடிகாலைக் கவனியுங்கள். மழை வலுத்துச் சில நிமிடங்களில் தண்ணீர் மேலேறும். மழை விட்டதும் விரைவாக வற்றும். நேரத்தோடு நீரின் அளவு மாறுவதைக் காட்டும் நீரோட்ட வரைபடத்தில் செங்குத்தாக ஏறி இறங்கும் கோடு இதுதான். 2011இல் திறந்த தெம்பனிஸ் பசுமைப் பூங்காவில் அதே மழையைப் புல்லும் இலையும் முதலில் தாங்குகின்றன, பிறகு மண் கொஞ்சம் உறிஞ்சுகிறது. அங்கே கோடு தாமதமாகத் தொடங்கும், தாழ்ந்து நீளும். இரண்டையும் ஒரே தாளில் வரையச் சொன்னால், தேர்வுக் கேள்வியில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.