தகரப் பெட்டிக்குள் ஒரு கப்பல்

'மோபி டிக்' நாவலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரு பக்கம் விடாமல் படித்தவர்கள் கை தூக்குங்கள், பார்க்கலாம். வெட்கமே வேண்டாம். நானே மூன்று தடவை ஆரம்பித்து, மூன்று தடவையும் முப்பத்திரண்டாவது அத்தியாயத்தில் கரை ஒதுங்கினவன். அந்த இடத்தில் ஹெர்மன் மெல்வில் கதையை அப்படியே நிறுத்திவிட்டு, உலகத்தில் எத்தனை வகைத் திமிங்கலம் உண்டு என்று வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிடுவார். அதுவும் எப்படி? பெரிய சைஸ் புத்தகம், நடுத்தரம், சின்னது என்று பிரிப்போமே, அந்த மாதிரி திமிங்கலங்களைப் பிரிப்பார்.

பள்ளிக்கூட நாளில் நான் படித்தது படம் போட்ட சுருக்கப் பதிப்பு. ஒற்றைக்கால் கேப்டன், அவன் காலைக் கடித்த வெள்ளைத் திமிங்கலம், துரத்தல், கப்பல் காலி. ஜோராக இருந்தது. அசலில் 135 அத்தியாயங்கள். திமிங்கலத்தோடு நேருக்கு நேர் மோதுவது கடைசி மூன்றில்தான்! காத்திருக்கப் பொறுமை வேண்டாமா?

நாலாவது தடவை முடித்துவிட்டேன். முடித்த கையோடு மெல்விலின் வாழ்க்கையையும் தேடிப் படித்தேன். அவரைப் பற்றி எல்லோரும் சொல்கிற கதை ஒன்று உண்டு: 'மேதை. உலகம் புரிந்துகொள்ளவில்லை. வறுமையில் செத்தார். செத்த பிறகு கொண்டாடினார்கள்.' கேட்க உருக்கமாக இருக்கிறது. ஆனால், இதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை அவர் வீட்டுக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும்.

முதலில் வெளியில் தெரிந்த கதை. 1819-ல் நியூயார்க்கில் பிறந்தார். அப்பா பிரெஞ்சு சாமான்கள் இறக்குமதி செய்தவர். வியாபாரம் நொடித்து, 1832-ல் இறந்தபோது மெல்விலுக்குப் பன்னிரண்டு வயது. பாங்க் குமாஸ்தா, பள்ளிக்கூட வாத்தியார் என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்துவிட்டு, 1841 ஜனவரியில் 'அகுஷ்னெட்' என்ற திமிங்கல வேட்டைக் கப்பலில் ஏறினார். ஒன்றரை வருஷத்தில் அலுத்துப்போய், பசிபிக்கில் மார்க்கசாஸ் தீவில் ஒரு சிநேகிதனோடு கப்பலை விட்டே ஓடிவிட்டார். நரமாமிசம் தின்பவர்கள் என்று பேர் வாங்கிய மக்களிடம் போய் மாட்டிக்கொண்டார். உண்மையில் அங்கே இருந்தது சுமார் ஒரு மாசம். 1846-ல் 'டைப்பி' என்று புத்தகமாக எழுதியபோது அது நாலு மாசம் ஆகிவிட்டது. எழுத்தாளர்களுக்கு இந்த அளவு சலுகை கொடுக்கலாம்!

'டைப்பி' நன்றாக விற்றது. அடுத்து வந்த 'ஓமூ'வும் விற்றது. 1847-ல் மாசசூசெட்ஸ் தலைமை நீதிபதியின் மகள் எலிசபெத் ஷாவைக் கல்யாணம் செய்துகொண்டார். தீவுக்கதை எழுதும் இளைஞர், நல்ல குடும்பத்துப் பெண், கடனில் வாங்கிய பண்ணை வீடு. வண்டி ஓடிக்கொண்டிருந்திருக்கும், அவர் 'மோபி டிக்' எழுதாமல் இருந்திருந்தால்.

1851 அக்டோபரில் லண்டனில் முதலில் வந்தது, 'தி வேல்' என்ற பெயரில், மூன்று பாகமாக. அதில் ஒரு கூத்து. கப்பல் மூழ்கி எல்லோரும் செத்த பிறகு, கதை சொல்லும் இஷ்மேல் மட்டும் எப்படிப் பிழைத்தான் என்று சொல்கிற கடைசிப் பக்கம் லண்டன் பதிப்பில் விட்டுப்போய்விட்டது. 'எல்லாரும் செத்துட்டா கதையைச் சொல்றது யாரு?' என்று விமர்சகர்கள் பிடித்துக்கொண்டார்கள். நியாயமான கேள்விதானே? நவம்பரில் வந்த அமெரிக்கப் பதிப்பில் அந்தப் பக்கம் ஒழுங்காக இருந்தது. ஆனால், அங்கேயும் சில பத்திரிகைகள் லண்டன் விமர்சனத்தை எடுத்துப் போட்டுப் பெயரைக் கெடுத்தன. அவர் உயிரோடு இருந்தவரை அமெரிக்காவில் விற்றது ஏறக்குறைய 3,200 பிரதிகள். 1853-ல் பதிப்பகத்தில் தீப்பிடித்து மிச்சமிருந்த பிரதிகளும் எரிந்துபோயின.

இதற்காக அந்தக் கால வாசகர்களை முட்டாள் என்று திட்டுகிறார்கள். நான் திட்டமாட்டேன். சாகசக் கதை கேட்டு வந்தவனை உட்காரவைத்து, கொழுப்பு உருக்குவது எப்படி, கயிறு சுற்றுவது எப்படி, வெள்ளை நிறம் ஏன் பயமுறுத்துகிறது என்றெல்லாம் பாடம் எடுத்தால் அவன் எழுந்து போகத்தான் செய்வான்.

ஆனால், பொறுமையாக உட்கார்ந்தவனுக்கு என்ன கிடைக்கிறது என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். 94-ஆவது அத்தியாயம். திமிங்கலத்தின் தலையிலிருந்து எடுத்த மெழுகெண்ணெய் ஆறிக் கட்டிகட்டியாகிவிடும். மாலுமிகள் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து, கையால் பிசைந்து அதைக் கரைக்க வேண்டும். பிசையப் பிசைய இஷ்மேலுக்குக் கோபமெல்லாம் போய்விடுகிறது. எண்ணெய்க்குள் பக்கத்து ஆளின் கையையும் சேர்த்துப் பிசைகிறான். கேப்டனின் வெறியும் பழிவாங்கும் சபதமும் மறந்துபோகின்றன. லாபத்தில் பங்குக்கு வந்த கூலிகள் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். இந்த நாவலின் மனசு இங்கேதான் இருக்கிறது. சுருக்கப் பதிப்பு போடுகிறவர்கள் முதலில் வெட்டுவதும் இதைத்தான்.

இனி வீட்டுக்குள் போகலாம்.

1852-ல் வந்த 'பியர்' நாவலைப் படித்துவிட்டு, ஆளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே எழுதினார்கள். (நாவல் நிஜமாகவே மோசம். அதை மேதையின் சோதனை முயற்சி என்று பூசி மெழுக என்னால் முடியாது.) 1857-க்குப் பிறகு அவர் வாழ்நாளில் நாவலே வெளியிடவில்லை. 1866-ல் நியூயார்க் துறைமுகத்தில் கஸ்டம்ஸ் இன்ஸ்பெக்டர் வேலை. தினக்கூலி நாலு டாலர். லஞ்சம் புழங்கிய ஆபீஸில் கை நீட்டாதவர் என்ற பெயரோடு பத்தொன்பது வருஷம்.

ஆபீஸில் நேர்மையான மனிதர், வீட்டில் எப்படி? பகலில் வேலை, ராத்திரி எழுத்து, இடையில் குடி, கோபம். 1867 மே மாதம் எலிசபெத்தின் சகோதரரும், அவர்கள் சர்ச்சின் பாதிரியாரும் கூடி யோசித்தார்கள், எலிசபெத்தை எப்படியாவது அந்த வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று. கடிதங்கள் இருக்கின்றன. எலிசபெத் போகவில்லை. அதே செப்டம்பரில் மூத்த மகன் மால்கம் ஒரு ராத்திரி மிகத் தாமதமாக வீடு திரும்பினான். மறுநாள் அவன் அறைக்கதவு திறக்கவே இல்லை. உடைத்துப் பார்த்தபோது துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்துகிடந்தான். வயசு பதினெட்டு.

இளைய மகள் பிரான்சஸ் பெரியவளான பிறகும் அப்பாவைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

இதைத் தெரிந்துகொண்டு 'மோபி டிக்'கைத் திரும்பப் புரட்டினால் கதை வேறு மாதிரி தெரிகிறது. ஒரு கேப்டன். அவனுக்கு ஒரே லட்சியம். அதற்காகக் கப்பலில் இருப்பவர்கள் அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு போகிறான். முதல் மேட் ஸ்டார்பக் (ஊரெல்லாம் காபி விற்கிறார்களே, அந்தக் கடைக்குப் பெயர் இவரிடமிருந்து எடுத்ததுதான்) 'திரும்பிப் போயிடலாம்' என்று கெஞ்சுகிறார். கேப்டன் ஏஹாபுக்கு ஊரில் இளம் மனைவியும் சின்னப் பையனும் இருக்கிறார்கள். 132-ஆவது அத்தியாயத்தில் அவர்களை நினைத்து ஒரு நிமிஷம் கரைகிறான். கல்யாணம் செய்த அன்றே அவளை விதவையாக்கிவிட்டேன் என்கிற மாதிரி புலம்புகிறான். சரி, திரும்பிவிடுவான் என்று நினைக்கிறோம். திரும்பவில்லை. நாவலில் பெண்கள் வருவதே அபூர்வம். வந்தாலும் கரையோடு நின்றுவிடுகிறார்கள். அந்தக் கரையில் காத்திருப்பவளின் கணக்கு என்ன என்று அந்த ஒரு இடத்தில் மட்டும் மெல்வில் எழுதிவிட்டார். புத்தகம் வந்தபோது வயசு முப்பத்திரண்டு. பின்னால் தன் வீட்டில் நடக்கப்போவது அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால், தன்னிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது. என் வாசிப்பு இது. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

1885 கடைசியில் ரிட்டையர் ஆனார். எலிசபெத்துக்கு வந்த சொத்துப் பணத்தில்தான் அது முடிந்தது. புத்தகமும் படமும் வாங்க அவர்தான் கணவருக்கு மாசம் இருபத்தைந்து டாலர் கொடுத்தார். மெல்வில் மறுபடி எழுத உட்கார்ந்தார், பதிப்பாளர் இல்லாமல், வாசகர் இல்லாமல். அந்தக் கதை 'பில்லி பட்'. பேச்சுத் திக்குகிற, சூதுவாது தெரியாத ஒரு இளம் மாலுமி. அவன்மேல் ஒருவன் அபாண்டமாகக் கலகப் பழி போடுகிறான். வாய் திக்குகிறது. பதில் வராமல் கை ஓங்கிவிடுகிறான். அடித்த அடியில் பழி போட்டவன் செத்துப்போகிறான். பையன் மனசில் களங்கம் இல்லை என்று கேப்டன் வியருக்குத் தெரியும். ஆனாலும், சட்டப்படி தூக்கில் போடுகிறார். அப்பா வயசில் ஒருவர், மகன் வயசில் ஒருவன். அந்தத் தீர்ப்பு சரியா, தப்பா? இன்றுவரை விமர்சகர்கள் அடித்துக்கொள்கிறார்கள். மால்கமை நினைக்காமல் மெல்வில் இதை எழுதியிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஏஹாப் கேட்டுக்கொள்ளாமல் விட்ட கேள்வியை வியர் சாகும்வரை சுமக்கிறார்.

1891 செப்டம்பர் 28-ஆம் தேதி மெல்வில் இறந்தார். சில நாள் கழித்து நியூயார்க் டைம்ஸில் வந்த கட்டுரையின் தலைப்பில் ஹெர்மனுக்குப் பதில் 'ஹிராம் மெல்வில்' என்று அச்சாகியிருந்தது. 'பில்லி பட்' முடிந்தும் முடியாத கையெழுத்துப் பிரதியாக மேஜையில் கிடந்தது.

அதை எடுத்து வைத்தது யார்? எந்த வீட்டைவிட்டுக் கிளம்பச் சொன்னார்களோ, அந்த வீட்டில் கடைசிவரை இருந்த எலிசபெத்தான். தாள்களை அடுக்கினார், ஓரத்தில் குறிப்பு எழுதினார், பத்திரப்படுத்தினார். 1906-ல் அவர் போன பிறகு அது குடும்பத்தில் கை மாறிப் பேத்தி எலினாரிடம் வந்தது. ரேமண்ட் வீவர் என்ற பேராசிரியர் 1919-ல் மெல்வில் வரலாறு எழுதத் தேடிக்கொண்டு போனபோது, பேத்தி ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். 1924-ல் 'பில்லி பட்' அச்சில் வந்தது, எழுதியவர் செத்து முப்பத்து மூன்று வருஷம் கழித்து. எலிசபெத்தின் குறிப்பு எது, மெல்வில் எழுதியது எது என்று குழம்பிப்போனதெல்லாம் 1962 பதிப்பில்தான் சரியாயிற்று.

'உலகம் மறந்த மேதையை உலகமே கண்டுபிடித்தது' என்று எழுதுகிறவர்கள் இந்தப் பெட்டியைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும். மேதைமைக்கு வீட்டில் கட்டணம் கட்டியவர்தான் அதைக் காப்பாற்றியும் கொடுத்தார். அவருக்கு மட்டும் சிலை கிடையாது.

நீங்கள் மெல்விலைப் படிக்கப் போகிறீர்கள் என்றால் என் சிபாரிசு இது. முதலில் 'பார்டில்பி'. ஒரே உட்காரலில் முடிந்துவிடும். சொன்ன வேலையை மரியாதையாக மறுத்துக்கொண்டே இருக்கும் குமாஸ்தாவின் கதை. ஆபீஸில் வேலை பார்ப்பவர்கள் யாருக்கும் பிடிக்கும். அடுத்து 'பில்லி பட்'. கடைசியாக 'மோபி டிக்'. திமிங்கல வகுப்பில் தூக்கம் வந்தால் தாராளமாகத் தாண்டிப் போங்கள், பாவமில்லை. 132-ஆவது அத்தியாயத்தில் மட்டும் அவசரப்படாமல் நில்லுங்கள்.