தோற்றவர் எழுந்து போகும் விதம்

செஸ்ஸில் தோற்றவருக்குப் பழிபோட ஆளில்லை. நடுவர் தவறாக விரல் தூக்கவில்லை, சக வீரர் கேட்சை விடவில்லை, மழையும் குறுக்கிடவில்லை. போதாக்குறைக்கு, ராஜா மாட்டிக்கொள்ளும்வரை காத்திராமல் தோற்பவரே கைநீட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வதுதான் பெரிய போட்டிகளில் வழக்கம். பல மணி நேர உழைப்பை ஒரே நகர்த்தலில் தொலைத்தவர், அந்தச் சூடு ஆறுமுன்னே எதிராளியின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். சத்தமே இல்லாத இந்த விளையாட்டில் கோபமும் முறைப்பும் அப்பட்டமாகத் தெரிவது அதனால்தான்.

மாக்னஸ் கார்ல்சன் ஒருவரிடமே இதன் பல வகைகளைப் பார்க்கலாம். 2016-ல் நியூயார்க்கில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் 8-வது ஆட்டத்தில் செர்ஜி கர்யாகினிடம் தோற்றதும், செய்தியாளர் சந்திப்பு தொடங்குமுன்பே எழுந்து போய்விட்டார். அபராதம் கட்ட நேர்ந்தது. ஆனால் அந்தக் கோபம் பலகைவரை வரவில்லை. 10-வது ஆட்டத்தை வென்று சமன் செய்தவர், தன் 26-வது பிறந்தநாளன்று டை பிரேக்கரில் பட்டத்தைத் தக்கவைத்தார். 2025 ஜூன் 1 அன்று நார்வே செஸ் தொடரில், கைக்கு எட்டிய வெற்றியை இந்திய வீரர் குகேஷிடம் பறிகொடுத்து மேசையில் ஓங்கிக் குத்தியதில் காய்கள் சரிந்தன. உடனே மன்னிப்புக் கேட்டார்; போகிற போக்கில் குகேஷின் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தத் தொடரின் கோப்பையும் கடைசியில் கார்ல்சனுக்கே போனது.

2022 செப்டம்பரில் நடந்தது வேறு ரகம். செயின்ட் லூயிஸ் நகரில் சின்க்ஃபீல்டு கோப்பையின் 3-வது சுற்றில் ஹான்ஸ் நீமனிடம் வெள்ளைக் காய்களுடன் தோற்ற கார்ல்சன், மறுநாளே தொடரைவிட்டு விலகினார். இரண்டு வாரம் கழித்து, இணையவழிப் போட்டி ஒன்றில் அதே நீமனுக்கு எதிராக ஒரே நகர்த்தலோடு ஆட்டத்தைக் கைவிட்டார். பிறகு கார்ல்சன் தரப்பில் ஏமாற்றுக் குற்றச்சாட்டு, நீமன் தரப்பில் வழக்கு. சின்க்ஃபீல்டு ஆட்டத்தில் நீமன் ஏமாற்றினார் என்பதற்குத் தீர்மானமான ஆதாரம் இல்லை என்பதை 2023-ல் கார்ல்சன் ஏற்றுக்கொண்டார். தக்க காரணமின்றி விலகியதற்காக சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே 10,000 யூரோ அபராதம் விதித்தது. மேசையில் விழுந்த குத்து நொடியில் தீர்ந்தது. இந்த முறைப்பு ஓராண்டுக்கு மேல் நீண்டு, ஒரு தொடரையும் ஓர் இளைஞரின் பெயரையும் சேர்த்தே காயப்படுத்தியது. உலகின் முதல்நிலை வீரருக்கு இது அழகல்ல.

தோல்வியை விழுங்கிக்கொண்டு அடுத்த போட்டிக்குப் போனவர்களும் உண்டு. 2013 நவம்பரில் சொந்த ஊரான சென்னையிலேயே கார்ல்சனிடம் 6.5–3.5 என்று பட்டத்தை இழந்தார் விஸ்வநாதன் ஆனந்த். அவர் காலம் முடிந்தது என்ற பேச்சு பரவலாக எழுந்தது. அடுத்த மார்ச்சில் கான்டி மான்சிஸ்கில் நடந்த, உலக சாம்பியனுடன் மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் தொடரை ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் வென்றார்.

2024 டொராண்டோ கேண்டிடேட்ஸில் குகேஷுக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. 7-வது சுற்றில் அலிரேசா ஃபிரூஜாவிடம் தோற்றபோது அவர் முகத்தில் அப்பியிருந்த வேதனையை எவரும் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது. மறுநாள் ஓய்வு நாள். அதற்குள் தெளிந்துவிட்டதாகவும், அங்கிருந்துதான் தொடர் திரும்பியதாகவும் பின்னர் அவரே சொன்னார். 17 வயதில், 14-க்கு 9 புள்ளிகளுடன் தொடரை வென்றார்.

அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலக சாம்பியன் போட்டியில் குகேஷுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் டிங் லிரன். டிராவை நோக்கிப் போன 14-வது ஆட்டத்தில், யானையைத் தவறான கட்டத்தில் வைத்து உலகப் பட்டத்தையே இழந்தார். எத்தனை முறை நினைத்தாலும் நெஞ்சு பதறும் பிழை அது. செய்தியாளர்களுக்கு முகம்கொடுத்து, தான் தோற்றது நியாயமான முடிவு என்றும் வருத்தம் இல்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார். சமீப ஆண்டுகளில் செஸ் உலகம் கண்ட மிகக் கண்ணியமான தோல்வி அதுதான்.