குறுக்கே வந்து நின்ற பிஷப்

2013 ஜனவரி, நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீ. டாட்டா ஸ்டீல் செஸ் போட்டியின் நான்காவது சுற்றில் லெவோன் ஆரோனியனுக்கு வெள்ளை, விஸ்வநாதன் ஆனந்துக்குக் கறுப்பு. அந்த மட்டத்தில் கறுப்புக் காய் கிடைத்தவர் டிரா வந்தாலே திருப்தியாக எழுந்துபோவார். ஆனந்த் 23 நகர்த்தல்களில் ஜெயித்துவிட்டார்.

தொடக்கம் செமி ஸ்லாவ், அதில் மெரான் வழி. 13ஆவது நகர்த்தலில் ஆரோனியனின் குதிரை ஹெச்7 சிப்பாயை வெட்டிவிட்டு, கறுப்பு ராஜாவின் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டது. ஆனந்த் அதைத் தொடவே இல்லை. ஒரு குதிரையை ஜி4க்கு அனுப்பினார், பிஷப்பை சி5க்குக் கொண்டுவந்தார், 16ஆவதாக இன்னொரு குதிரையை இ5இல் கொண்டுபோய் வைத்தார். இப்போது இரண்டு குதிரை, ஒரு பிஷப், ஒரு யானை என நான்கு கறுப்புக் காய்கள் வெட்டுக்குக் கிடக்கின்றன. எதை வெட்டினாலும் வெள்ளைக்கு நிம்மதி இல்லை.

எல்லோரும் கொண்டாடுவது இந்த 16ஆவது நகர்த்தலைத்தான். என் ஓட்டு 19ஆவதற்கு. ஆரோனியன் ஹெச்7 குதிரையால் எஃப்8இல் யானையை வெட்டிவிட்டார். அடுத்து ராணி ஹெச்7இல் இறங்கினால் செக். அந்தக் குதிரையைத் திருப்பி வெட்டத்தான் யாருக்கும் கை பரபரக்கும். ஆனந்தோ எஃப் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். ராணியின் மூலைவிட்டம் அடைபட்டது. ஜி4 குதிரைக்குக் காவல் கிடைத்தது. வெள்ளையின் இன்னொரு குதிரை இ4க்கு வந்து பி7 பிஷப்பை மறைக்கவும் வழியில்லை. யானை போனால் போகட்டும்!

பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்ப்பவர்களுக்கு 1907இல் லோட்ஸ் நகரில் அகிபா ரூபின்ஸ்டீன் கறுப்பில் ரோட்லெவியை வீழ்த்தியது நினைவுக்கு வரும். அங்கேயும் இரண்டு பிஷப்கள் அடுத்தடுத்த மூலைவிட்டங்களில் வெள்ளை ராஜாவைக் குறிபார்த்தன. ஆனந்த் தன் ஆட்டத்தின் இந்த யோசனையை 2012இல் கெல்ஃபாண்டுடன் ஆடிய உலக சாம்பியன் போட்டிக்காகத் தயார் செய்து வைத்திருந்தார். வீட்டுப்பாடம்தானே என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. சாதகம் செய்துவிட்டு மேடை ஏறும் பாடகரை அப்படிச் சொல்வார்களா?

ஆட்டத்துக்குத் திரும்பினால், 23ஆவது நகர்த்தலில் ஆனந்தின் பிஷப் இ3க்கு வருகிறது. வெட்டும் இல்லை, செக்கும் இல்லை. டி3இலிருந்து ஹெச்3 சிப்பாயைக் காத்துக்கொண்டிருந்த வெள்ளை ராணியின் குறுக்கே நிற்கிறது. ஹெச்3 சிப்பாயால் ஜி4 குதிரையை வெட்ட முடியாது. நகர்ந்தால் ஹெச்5இல் நிற்கும் கறுப்பு ராணிக்கு வெள்ளை ராஜா தெரிந்துவிடும். ஜி2 சிப்பாயும் அசைய முடியாது. பின்னால் பி7 பிஷப் காத்திருக்கிறது. ராணியே பிஷப்பை வெட்டினால் ராணி போகும். வேறு எது ஆடினாலும் ஹெச்3இல் கறுப்பு ராணி இறங்கும். ஆரோனியன் கைகுலுக்கிவிட்டார்.