சூம்பிய காலும் நீர்த்தொட்டியும்

வண்டியில் அடிபட்ட நாயின் கால் சூம்பிப்போக மாதக்கணக்கு ஆகாது. காலைத் தரையில் வைக்காமல் தூக்கிப் பிடித்தபடி திரியும் நாயின் இரு தொடைகளையும் மூன்றாம் வாரத்தில் இரண்டு கைகளாலும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தால், ஒன்று கைக்கு நிறையும்; மற்றதில் எலும்பு தட்டும். நாய் நிற்கும்போது உடல் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு முன்னங்கால்களிலும் 40 விழுக்காடு பின்னங்கால்களிலும் விழுகிறது. பின்னங்கால் ஒன்று ஓய்ந்தால் அதன் பங்கான 20 விழுக்காட்டை மற்ற மூன்றும் பெரிய சிரமமில்லாமல் வாங்கிக்கொள்கின்றன. மூன்று காலிலேயே சாப்பாட்டுத் தட்டுக்கும் வாசலுக்கும் போய்வரப் பழகிவிட்ட நாய்க்கு, எலும்பு கூடிய பிறகும் நான்காம் காலை ஊன்றும் தேவை வருவதில்லை. அந்தத் தேவையை ஏற்படுத்துவதும், அதுவரை மூட்டும் சதையும் கெடாமல் காப்பதும்தான் நாய்களுக்கான பிசியோதெரபியின் வேலை.

மனிதருக்கும் குதிரைக்கும் செய்துவந்ததைப் பார்த்து வளர்ந்த இந்தத் துறை, அமெரிக்காவில் 2010-இல் கால்நடை மருத்துவத்தின் தனிச் சிறப்புப் பிரிவாக ஏற்கப்பட்டது. இன்று அதன் பெயரைச் சொன்னதும் கண்முன் வருவது கண்ணாடித் தொட்டிக்குள் ஓடும் நீர் ட்ரெட்மில். துறையின் பலன் அந்தத் தொட்டியிலிருந்து வருகிறதா, நாளுக்கு மூன்று வேளை காலைப் பிடித்து மடக்கி நீட்டும் கையிலிருந்து வருகிறதா என்று பிரித்துப் பார்த்தால், கிடைத்துள்ள சான்றுகள் கையின் பக்கமே அதிகம் சாய்கின்றன.

‘காலுக்குப் பயிற்சி’ என்று பொதுவாகச் சொல்வதிலேயே பாதிச் சிக்கல் இருக்கிறது. எது கெட்டது என்பதைப் பொறுத்துத் தேவை நேரெதிராக மாறும். குட்டியின் தொடையெலும்பு முழங்காலுக்குச் சற்று மேலே முறிந்து, காலை நீட்டியபடி கட்டுப்போட்டு அசையாமல் வைத்துவிட்டால், முன்தொடைச் சதை எலும்போடு ஒட்டி இறுகும். சில வாரங்களில் முழங்கால் மடங்காமல் கால் குச்சிபோல் நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த நிலைக்குப் போன காலை மீட்பது அரிது. எடுத்துவிட நேர்வதும் உண்டு. எனவே இங்கே எலும்பை உறுதியாகப் பொருத்திய சில நாளிலேயே முழங்காலை மடக்கி நீட்டத் தொடங்க வேண்டும். டாக்ஸ்ஹண்ட் போன்ற குட்டைக்கால் நாய்க்கு முதுகெலும்பின் டிஸ்க் பிதுங்கி, அறுவை இல்லாமல் பார்ப்பதென்று முடிவானால் கதை தலைகீழ். நான்கு வாரமளவு கூண்டுக்குள் அடக்கி வைப்பதே அங்கே வைத்தியம். மாத்திரையில் வலி அடங்கியதும் ‘நன்றாகிவிட்டது’ என்று சோபாவில் தாவவிட்டால், மிச்சமும் பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்கிவிடக்கூடும்.

மூன்றாவது வகை, நரம்பு அடிபட்ட கால். தொடையில் இடம் தவறிப் போட்ட ஊசிகூட இதற்குப் போதும். அறுந்த நரம்பு சாதகமான நிலையில் நாளுக்கு 1 மில்லிமீட்டர் அளவில்தான் வளர்கிறது. இடுப்பருகே பட்ட காயத்திலிருந்து பாதம்வரை 30 சென்டிமீட்டர் என்றால் பத்து மாதக் காத்திருப்பு. எந்தப் பயிற்சியாலும் அந்த வேகத்தைப் பெரிதாகக் கூட்ட முடியாது. அதுவரை மூட்டு இறுகாமலும், மடங்கி இழுபடும் புறங்கால் சிமென்ட் தரையில் தேய்ந்து புண்ணாகாமலும் பார்த்துக்கொள்ள முடியும். பயிற்சி என்ற பெயரில் இங்கே நடப்பது காவல் வேலைதான். அதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. பத்தாம் மாதத்தில் நரம்பு வந்து சேரும்போது அதற்கு ஒரு பாதம் மிச்சமிருக்க வேண்டும்.

சான்று உறுதியாக இருக்கும் இடங்களில் ஒன்று முழங்காலின் சிலுவை இணைநார் அறுந்து அறுவை செய்துகொண்ட நாய்கள். நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தி வெறுமனே ஓய்வில் வைத்த நாய்களைவிட, நீச்சலும் நடையும் சேர்ந்த பயிற்சி பெற்றவை ஆறு மாதம் கழித்து அந்தக் காலில் கூடுதல் விசையோடு ஊன்றியதை 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. விசையை அளந்தது தரையில் பதித்த உணர்தட்டு; பார்த்தவர் கண் அல்ல. இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகும்.

தண்டுவடத்தில் அடிபட்ட நாய்களிடம் வரும்போது படம் மங்குகிறது. டிஸ்க் அறுவைக்குப் பிறகு, கால் விழுந்திருந்தாலும் உணர்வு போகாத 30 நாய்களை வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குக் காலை மடக்கி நீட்டுதல், இடுப்பில் பட்டை கொடுத்து நடத்துதல் போன்ற எளிய பராமரிப்பு. மற்றதற்கு இரண்டு வாரம் செறிவான பயிற்சி. 2018-இல் வெளியான முடிவின்படி இரு பிரிவுக்கும் நடை மீண்டதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. செறிவான பயிற்சியால் கேடு வரவில்லை என்பது அந்த ஆய்வு தந்த நல்ல செய்தி. கூடுதல் பணத்துக்குக் கூடுதல் நடை கிடைக்கவில்லை என்பது அவ்வளவு எடுத்துச் சொல்லப்படாத செய்தி. காரணம் ஊகிக்கக் கடினமில்லை. உணர்வு மிஞ்சிய நாய்களில் அறுவைக்குப் பின் பத்தில் ஒன்பது அளவில் எழுந்து நடந்துவிடுகின்றன. தானாக வருவதோடு போட்டியிட்டு எந்தப் பயிற்சியும் தன்னை நிரூபிக்க முடியாது. எளிய பராமரிப்பும் இல்லாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்த ஆய்வு சோதிக்கவில்லை. அதைக் காட்டிப் ‘பயிற்சியே வேண்டாம்’ என்பவர்கள் தவறாகப் படிக்கிறார்கள்.

உணர்வு இருக்கிறதா என்பதைச் சோதிப்பதற்கு ஒரு முறை உண்டு. மருத்துவர் பின்னங்கால் விரலின் எலும்பை இடுக்கியால் அழுத்துகிறார். கால் வெடுக்கென்று உள்ளே போகிறது. பக்கத்தில் நிற்பவர் முகம் மலர்கிறது. மருத்துவர் பார்ப்பது காலை அல்ல, நாயின் முகத்தை. அது திரும்பிப் பார்க்கிறதா, முனகுகிறதா, கடிக்க வருகிறதா? கால் உள்ளிழுப்பது தண்டுவடம் தன்னளவில் செய்யும் அனிச்சைச் செயல். செய்தி மூளைக்குப் போய்ச் சேர்ந்ததற்கு அது அடையாளமாகாது. முகத்தில் ஒன்றும் தெரியாவிட்டால், அறுவைக்குப் பின்னும் நடக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. பயிற்சியைத் தொடங்கும் முன்பே சொல்ல வேண்டிய விவரம் இது. விரலைக் கிள்ளிக் கிள்ளிக் கால் இழுபடுவதைக் கைபேசியில் படம் பிடித்து ‘முன்னேற்றம்’ என்று சேமித்துக்கொண்டே போகும் வீடுகள் பல.

உணர்வு திரும்பாத நாய்களும் சில நேரம் நடக்கின்றன. தண்டுவடத்துக்குள்ளேயே நடைக்கான தாளத்தை உண்டாக்கும் நரம்புச் சுற்றுகள் இருப்பதை, பூனைகளில் செய்த சோதனையால் தாமஸ் கிரஹாம் பிரவுன் 1911-இலேயே காட்டினார். மூளையோடு தொடர்பு அறுந்தாலும் அந்தச் சுற்றுகளைப் பயிற்சியால் எழுப்ப முடியும். இத்தாலியிலிருந்து 2017-இல் வெளியான ஆய்வில், மீளாத தண்டுவடக் காயமுள்ள 81 நாய்களில் 48 தீவிர பிசியோதெரபிக்குப் பின் இவ்வகை நடையைப் பெற்றன. இளையவையும் எடை குறைந்தவையும் முன்னே நின்றன. துறைக்குக் கிடைத்த பெரிய ஊக்கம் இதுதான். ஆனால் அது பழைய பதிவேடுகளைத் திரட்டிப் பார்த்த ஆய்வு. பயிற்சி பெறாத ஒப்பீட்டுக் குழு இல்லாததால், 48-இல் எத்தனை தாமாகவே எழுந்திருக்கும் என்று சொல்ல வழியில்லை. நடையின் தன்மையும் வேறு. பின்னங்கால்கள் முன்னங்கால்களோடு இசையாமல் தம் போக்கில் எட்டு வைக்கின்றன. திரும்பும்போது இடுப்பு சாய்ந்து விழுகிறது. சிறுநீரை அடக்கும் திறன் திரும்புவதில்லை. நடக்கும் நாயைப் பார்த்து மகிழ்பவரிடம், இந்த நாயின் சிறுநீர்ப்பையை வாழ்நாள் முழுவதும் கையால் அழுத்திக் காலிசெய்ய வேண்டியிருக்கும் என்று சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

நீர்த்தொட்டிக்கு உரிய மதிப்பை மறுக்க முடியாது. இடுப்பு மூட்டு அளவுக்குத் தண்ணீர் நின்றால் நாயின் கால்கள் தாங்கும் எடை 38 விழுக்காடாகக் குறைகிறது; முழங்கால் அளவில் 85, கணுக்கால் அளவில் 91. தண்ணீரை ஏற்றி இறக்கியே காலுக்கு எவ்வளவு பாரம் கொடுப்பது என்று தீர்மானிக்க முடிகிறது. தரையில் நிற்க முடியாத நாய் அங்கே நிற்கிறது, விழுந்தாலும் அடிபடுவதில்லை. நீச்சல் இதற்கு மாற்றாகாது. நீந்தும்போது பல நாய்கள் முன்னங்கால்களாலேயே துழாவிக்கொண்டு பின்னங்கால்களை மிதக்க விட்டுவிடுகின்றன. எந்தச் சதையை வளர்க்க வேண்டுமோ அது ஓய்வில் இருக்கிறது. கிணற்றிலோ கண்மாயிலோ இறக்கிவிட்டால் கால் வந்துவிடும் என்ற நம்பிக்கையின் ஓட்டை இதுதான். தையல் ஆறாத புண்ணுக்கு அந்தத் தண்ணீரால் வரும் கேடு வேறு. தொட்டியின் குறையோ எளிமையானது. வாரத்துக்கு இரண்டு முறை, ஒரு முறைக்குச் சில நிமிடம். மீதி நேரமெல்லாம் நாய் வீட்டில்தான் இருக்கிறது.

லேசர், மின்தூண்டல், அக்குபங்சர் ஆகியவற்றைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. டிஸ்க் அறுவைக்குப் பின் லேசர் கொடுத்தால் நாய்கள் விரைவில் நடக்கின்றன என்று 2012-இல் ஓர் ஆய்வு சொன்னது. 2017-இல் இன்னொன்று அப்படி எதையும் காணவில்லை. கட்டணப் பட்டியலில் இவை தனித்தனி வரிகளாக ஏறும்போது இதை நினைவில் வைக்கலாம்.

வீட்டில் நடப்பதே பெரும்பங்கு. பழைய குளியல் துண்டை நீளவாக்கில் மடித்து நாயின் அடிவயிற்றின் கீழ், பின்தொடைகளுக்கு முன்னால் செலுத்தி, இரு முனைகளையும் முதுகுக்கு மேல் சேர்த்துப் பிடிக்க வேண்டும். ஆண் நாயானால் குறியின் மேல் அழுந்தாத இடம் பார்க்க வேண்டும். தூக்கும் அளவில்தான் நுட்பம் இருக்கிறது. அதிகம் தூக்கினால் பாதம் காற்றில் தொங்கும், கால் ஒன்றும் கற்றுக்கொள்ளாது. குறைவாகத் தூக்கினால் இடுப்பு தரையில் இழுபடும். பாதம் முழுதாகப் பதிந்து, முழங்கால் இலேசாக மடங்கி, உடல் எடையில் கொஞ்சம் அதன் மேல் இறங்கும் அளவே சரி. இரண்டடி நடந்ததும் விரல்கள் பின்னோக்கி மடங்கும். குனிந்து பாதத்தைத் திருப்பி வைத்துவிட்டு மறுபடி இரண்டடி. பத்து நிமிடத்தில் நாயைவிட மனிதர் முதுகுதான் முதலில் வலிக்கும். நாய் படுத்திருக்கும் நேரத்தில் ஒவ்வொரு மூட்டையும் பத்துப் பதினைந்து முறை மடக்கி நீட்டுவது இதோடு சேரும். வலுவேறிய பிறகு உட்கார்ந்து எழவைத்தல், தாழக் கிடத்திய கம்புகளைத் தாண்டவைத்தல், சரிவில் ஏற்றுதல் என்று படிப்படியாகப் போகலாம்.

இத்தனையும் வழவழப்பான டைல்ஸ் தரையில் நடந்தால் வீண். பின்னங்கால்கள் இரு பக்கமும் வழுக்கிப் பிளக்கும் நாய் ஒரே நாளில் பயந்துபோய் எழ மறுக்கும். ரப்பர் விரிப்போ சாக்கோ விரித்த பாதை, பாதத்து ரோமத்தைக் கத்தரித்தல், நகத்தை வெட்டுதல் ஆகிய காசு குறைந்த மூன்று காரியங்கள் பல இயந்திரங்களுக்குச் சமம். எழ முடியாத நாயை இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் இடுப்பெலும்பு முனையில் படுக்கைப்புண் வரும். பயிற்சி அத்தோடு நிற்கும். சிறுநீர் தேங்கினால் கிருமி ஏறிக் காய்ச்சல் வரும். தோற்றுப்போகும் முயற்சிகளில் கணிசமானவை இப்படிப் புண்ணாலும் சிறுநீராலும் தோற்கின்றன.

வீட்டுப் பராமரிப்பை இவ்வளவு உயர்த்திச் சொல்லும்போது அதன் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். நோயறியாமல் தைலம் போட்டு அழுத்தித் தேய்ப்பதால் பொருந்தாத எலும்பு இன்னும் விலகும். வலிக்கிறதே என்று மனிதருக்கான டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் மாத்திரையைக் கொடுத்தால் நாயின் குடலில் புண் உண்டாகி இரத்தம் கசியும், சிறுநீரகம் பழுதாகும். முரட்டு அன்பால் வரும் கேடும் உண்டு. நாள் தவறாமல் அளவுக்கு மீறி நடத்தப்படும் நாய் மறுநாள் கூடுதலாக நொண்டினால், முந்தைய நாளின் அளவு தப்பு என்று பொருள்.

முன்னேற்றத்தை அளப்பதில்தான் இந்த மருத்துவமுறை மிகப் பலவீனமாக இருக்கிறது. மூட்டுவாத நாய்களுக்கு வெற்று மருந்து கொடுத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், உணர்தட்டில் எந்த மாற்றமும் பதிவாகாதபோதும் ‘நொண்டல் குறைந்திருக்கிறது’ என்று வளர்ப்பவர்களும் மருத்துவர்களும் கணிசமாகச் சொன்னார்கள். நாய்க்கு நம்பிக்கை மருந்து வேலை செய்யாது. பார்ப்பவருக்கு வேலை செய்கிறது. மாதக்கணக்கில் உழைத்தவர் கண்ணுக்கு முன்னேற்றம் தெரியாமல் இருப்பதே அதிசயம். இன்ச் டேப்பால் இரு தொடைகளின் சுற்றளவையும் ஒரே இடத்தில், ஒரே ஆள் வாரந்தோறும் அளந்து எழுதுவதும், ஒரே தரையில் ஒரே கோணத்தில் நடையைப் படமெடுப்பதும் குறைபாடுள்ள அளவுகளே. என்றாலும் நினைவைவிட மேல்.

எப்போது நிறுத்துவது என்பதற்குத் துறையில் தெளிவான விடை இல்லை. தண்டுவடக் காயத்தில் ஆறு மாதத்துக்கு மேலும் மாற்றம் தெரிந்த நாய்கள் இருப்பதால், கட்டணம் வாங்குபவருக்கும் மனம் கேட்காதவருக்கும் நிறுத்தாமல் இருக்க எப்போதும் ஒரு காரணம் கிடைக்கிறது. சக்கர வண்டி பல வீடுகளுக்கு நல்ல விடை. சிறு நாய்கள் சில நாட்களில் அதில் ஓடப் பழகிவிடுகின்றன. பூட்டியபடி படுக்க முடியாது, பட்டை உராய்ந்து தொடையிடுக்கில் புண் வரும் என்பதால் நாளுக்குச் சில மணி நேரம்தான் அது உதவும். பூட்டிவிடவும் கழற்றவும் ஆள் வேண்டும்.

தெருநாய்க்கு அந்த ஆள் இல்லை. அடிபட்ட தெருநாயைத் தூக்கிவந்து பார்ப்பவர்கள் வீட்டு நாய்க்கான திட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் கணக்கு உதைக்கும். நரம்பறுந்து உணர்வில்லாமல் இழுபடும் ஒற்றைக் காலுக்குப் பத்து மாதம் காவலிருக்க முடியாது. தெருவில் விட்ட சில நாளில் புறங்கால் தேய்ந்து, ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். மற்ற மூன்று கால்களும் திடமாக இருக்குமானால், அந்தக் காலை மேலிருந்தே எடுத்துவிடுவது கொடுமையாகத் தோன்றினாலும் பல நேரம் அதுவே சரியான வைத்தியம். தையல் பிரித்து, மூன்று காலில் திடமாக ஓடிவரும் நாயை அதன் தெருவிலேயே திரும்ப விடலாம்.